மூக்குக்கு ஒரு நாள்

ராஜவேலு ஷூ வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஷூ வாங்கிய நாளிலிருந்து அவன் வீட்டு வேலை ஒன்றையும் தொட்டதில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஜவ்வாது மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் கேட்கலாம். மேலே இருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள்.

மலையில் வேலை என்றால் வெறுங்கால் வேலைதான். தண்ணீர் ஊற்றுக்குப் போகிற வழி முழங்கால் சேறு. ஆட்டுப்பட்டி அதைவிட மோசம். சாமை அடிக்கிற களத்திலோ செருப்புக் காலை வைக்கவே கூடாது. தானியம் கிடக்கிற இடம் சாமி இருக்கிற இடம். ஆகவே யார் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் ராஜவேலு குனிந்து தன் காலைப் பார்ப்பான். பிறகு நிமிர்ந்து, "ஷூ போட்டுக்கினு இருக்கேனே" என்பான். ஏதோ தகப்பன் செத்த செய்தியைச் சொல்வதுபோல் இருக்கும்.

"அத்தக் கழட்டிட்டு வாயேன்" என்று சொல்லக்கூடியவர்கள் முதல் வருஷம் இருந்தார்கள். ஒருமுறை அவன் கழட்டினான். அதற்கப்புறம் அப்படிச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அது களத்தில் நடந்தது. சாமைத் தாளின் மேல் ஜோடி மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ராஜவேலு களத்து ஓரமாக உட்கார்ந்து ஒரு ஷூவை உருவினான். உள்ளே சுற்றிய மாடு நின்றது. மூக்கைத் தூக்கிப் பார்த்தது. அவன் இரண்டாவது ஷூவை உருவினான். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. சாயங்காலம்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகும் அது களத்துப் பக்கம் வர ஒப்பவில்லை.

ஊர்ப் பெரியவர் கண்ணாயிரம் முண்டாசை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"அப்பா ராஜவேலு, ஒனக்குப் புண்ணியமாப் போவும். அத்த மறுபடியும் மாட்டிக்க. தோ, அந்தப் பலாமரத்தாண்ட போயி குந்திக்க. நீ ஒண்ணும் செய்யத் தேவல்ல."

ராஜவேலு பலாமரத்தடியில் உட்கார்ந்தான். டிரான்சிஸ்டரைத் திருகினான். சிலோன் ரேடியோவில் பாட்டு வந்தது. களத்தில் ஊரே வேர்வை சிந்தியது. அன்றுதான் அவனுக்கு ஞானம் பிறந்தது. ஷூ ஒரு பூட்டு. நாற்றம் அதற்குள் இருக்கிற இன்னொரு பூட்டு. இரண்டையும் தாண்டி அவனிடம் யாரும் வேலை வாங்க முடியாது.

ஊரார் அவன் வெட்கப்படுவதாக நினைத்துக்கொண்டு பரிதாபப்பட்டார்கள். அவன் அதை மறுக்கவில்லை.

ஊர் என்று பெரிதாகச் சொன்னாலும் பன்னிரண்டு வீடுகள்தான். அந்தப் பன்னிரண்டில் பத்தாவது வரை படித்துப் பாஸானவன் ராஜவேலு ஒருவனே. மூன்று மைல் தள்ளி இருந்த கூட்டுறவுச் சங்கத்தில் எடைக் கிளார்க்கு உத்தியோகம். மலையில் பொறுக்கி வருகிற புளி, கடுக்காய், தேன் எல்லாம் அவன் தராசில் ஏறித்தான் லாரியில் ஏறும். உத்தியோகத்துக்கு ஷூ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனே வேலூருக்குப் போய் வாங்கிவந்தான். கூடவே சிவப்புக் கோடு போட்ட நைலான் சாக்ஸ் ஒரு ஜோடி.

அவன் மனைவி பெயர் சாந்தம்மாள். சத்தம் போட்டுப் பேசமாட்டாள். அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் சாமை அறுப்பு முடிந்தது. களம் ஊருக்கு ஒன்றுதான். யார் முதலில் அடிப்பது என்று சீட்டுப் போட்டார்கள். சாந்தம்மாள் வீட்டுக்கு வந்து விறகுக் கட்டை இறக்கிவைத்தாள்.

"இன்னாங்க, களத்துச் சீட்டு எடுத்தாச்சு. மொதச் சீட்டு நம்புளுது. போரு காஞ்சு அடிக்க இன்னும் இருவத்தோரு நாள்."

"நல்லதாப் போச்சு. சட்டுனு அடிச்சு முடிச்சுடு."

"மாடு ஓட்ட ஆளு வேணும்."

"ஒன் தம்பி இருக்கானே."

"அவன் கொடகுல காப்பித் தோட்டத்துக்குப் போயி ஒரு மாசம் ஆவுது."

"அப்பிடியா? சொல்லவே இல்ல?"

"தெனமும் உங்க எதிர்ல குந்திச் சோறு தின்னவன். காணோம்னு நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்."

ராஜவேலு பேச்சை மாற்றுவது நல்லது என்று நினைத்தான். "நான் மாடு ஓட்டமாட்டேன்னா சொல்றேன் சாந்தா? நான் எறங்குனா மாடு ஓடுதே!"

"மாடு எங்க ஓடிச்சு? நீங்கதான் ஓட்டுனீங்க."

"இந்த வருசம் சீட்ட வுட்டுக் குடுத்துடு. கடைசில அடிச்சுக்கலாம்."

"கடைசின்னா பன்னெண்டாவது. அதுக்குள்ள பனி எறங்கிப் போரு பூஞ்சக் காளான் புடிக்கும். மிச்சத்தப் பன்னி தின்னும். அப்பால ஆடிமாசம் வரைக்கும் உங்க ஷூவத்தான் வேக வெச்சுத் திங்கணும்." அவள் விறகை அடுக்கினாள். "நாத்தனார் இல்லாத வூடாப் பாத்துக் கட்டிக் குடுத்துது எங்கம்மா. நாத்தம் இருக்குதான்னு கேக்க மறந்துடுச்சு."

அதோடு விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர்ச் சந்தை. உப்பு, மிளகாய் வாங்கிய கையோடு சாந்தம்மாள் அவனைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் பஞ்சாட்சரம் இருந்தார். டாக்டரைவிட அதிகம் பேசுகிற கம்பவுண்டர்.

"கழட்டுங்க" என்றார்.

"சார், சொன்னாக் கேளுங்க" என்றான் ராஜவேலு.

"நான் பொணம் அறுக்கற எடத்துல ஆறு வருசம் வேல பாத்தவன்யா. கழட்டு."

கழட்டினான். கம்பவுண்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ஜன்னலிலேயே நின்றுகொண்டு மீதியைப் பேசினார்.

"அம்மா, வேர்வைக்கு நாத்தம் கெடையாது. தெரிஞ்சுக்கோங்க. பச்சத் தண்ணிதான் அது. ஆனா ஒடம்புல மத்த எடத்தவிட உள்ளங்கால்ல ஏகமா வேர்க்கும். வெறுங்காலா நடந்தா காத்துல காஞ்சுடுது. இவரு நைலானப் போட்டு, மேல தோலப் போட்டு, கயித்தால வேற கட்டி வெக்கறாரு. உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க குடும்பம் நடத்துது. வேர்வையத் தின்னு அதுங்க கழிக்கிறதுதான் இந்த நாத்தம்."

"பூச்சிக்கெல்லாம் எடம் குடுத்திருக்காரு" என்றாள் சாந்தம்மாள்.

"தெனமும் சோப்புப் போட்டுக் கழுவணும். வெரலிடுக்குல ஈரம் இல்லாம தொடைக்கணும். நைலான் ஆகாது, நூல் சாக்ஸ் போடணும், தெனம் தொவைக்கணும். ஒரே ஷூவ விடாம மாட்டக்கூடாது, வெயில்ல காயப்போடணும். அப்புறம் கடுக்கா கஷாயத்துல காலு கால்மணி நேரம் ஊறணும். ஏன்யா, நீ ஏத்தி அனுப்பற கடுக்காதானே ஆம்பூர்ல தோல் பதப்படுத்தப் போவுது? செத்த மாட்டுத் தோல் நாத்தமே அதுல அடங்கிடுது. உயிரோட இருக்கற உன் காலு எம்மாத்திரம்?"

"எனக்கு நாத்தமே தெரியலியே சார்?"

"எப்படித் தெரியும்? அவனவன் நாத்தம் அவனவன் மூக்குக்கு எட்டாது. பழகிப்போயிடும். மத்தவன் மூக்க வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு பேர் மனத்தில் குறித்துக்கொண்டார்கள். தான் ஒருவன் மட்டும்தான் என்று ராஜவேலு அப்போது நினைத்தான்.

வீட்டுக்கு வரும்போது அவன் ஒரு முடிவோடு வந்தான். மருந்தை எதிர்க்கக் கூடாது. எதிர்த்தால் சந்தேகம் வரும். சொன்னதையெல்லாம் செய்வது. செய்துகொண்டே கெடுப்பது. களத்தன்று ஊர் பார்க்க ஷூவைக் கழட்டுவது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுப் பலாமரத்தடிக்கு அனுப்பிவைக்கும். இனி சாந்தம்மாளும் வாயைத் திறக்க முடியாது.

மறுநாள் முதல் ராஜவேலு உத்தமன் ஆனான். சோப்புப் போட்டுக் கழுவினான். விரலிடுக்கைத் துடைத்தான். சாந்தம்மாள் சந்தையில் வாங்கிய நூல் சாக்ஸை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். ஊர் எல்லையில் ஒரு நாவல்மரம். அதில் ஒரு பொந்து. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நூல் சாக்ஸைக் கழட்டிப் பையில் வைப்பான். பொந்துக்குள்ளிருந்து பழைய நைலானை எடுத்து மாட்டுவான். மாலையில் திரும்பும்போது நைலான் பொந்துக்கு, நூல் காலுக்கு. துவைக்காத நைலான், நாளாக நாளாக ஊறுகாய்போல் ஏறும் என்பது அவன் கணக்கு.

கணக்கு சரியாகத்தான் போயிற்று. மூக்குகள் சாட்சி சொல்லின. வீட்டுக்குள் நுழைந்தாலே சாந்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள்.

"இன்னாங்க, மருந்து பண்ணப் பண்ண ஏறுதே?"

"நான் இன்னா செய்யட்டும்? பரம்பரைக் காலு" என்பான், துக்கத்தோடு.

பக்கத்து வீட்டு வேடியப்பன் தேன் எடுக்கிறவன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவான்.

"மச்சான், தேனடைக்குப் பொகை போட வெறகு கெடைக்கல. ஒன் சாக்ஸு ஒண்ணக் குடேன். ஈ அதுவாவே எறங்கி வந்து மன்னிப்புக் கேக்கும்."

"போடா, போடா" என்பான் ராஜவேலு. மனத்துக்குள் சர்க்கரை.

கடுக்காய்க் கஷாயத்தில்தான் சிறு சிக்கல். சாந்தம்மாள் மண்சட்டியில் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, "கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டப் போவாள். அவள் தலை மறைந்ததும் ராஜவேலு காலை வெளியே எடுத்துவிடுவான். அவள் செருமல் கேட்டதும் உள்ளே வைப்பான். கால் மணி நேரத்தில் கால் பங்குகூட ஊறியதில்லை.

ஐந்தாம் நாள் சட்டி மாறியிருந்தது. பழைய துருப்பிடித்த இரும்புச் சட்டி.

"மண்சட்டி இன்னாச்சு?"

"ஒடஞ்சுபோச்சு."

அவள் அன்றைக்கு ஆட்டைப் பார்க்கப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து கேழ்வரகு புடைத்தாள். வேறு வழியில்லாமல் அவன் முழுசாக ஊறினான். எடுத்துப் பார்த்தால், கணுக்கால் வரை கால் சாம்பல் நிறம்.

"ஐயய்ய, இன்னாடி இது?"

சாந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது."

"தேச்சாப் போவலியே!"

"தேச்சா எப்பிடிப் போவும்? வருசக் கணக்குல சேந்த அழுக்கு. பாதி வழியில நிக்குது. இன்னும் ரெண்டுவாட்டி ஊறுனா முழுசா வந்துடும், கால் வெளுத்துடும். பாதில வுட்டாத்தான் அப்பிடியே நின்னுபோவும்."

ராஜவேலுவுக்குச் சங்கம் ஞாபகம் வந்தது. தை மாதம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம். எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார வேண்டும். இந்தக் காலோடு எப்படி உட்காருவது?

மறுநாள் சட்டியை அவனே கேட்டு வாங்கினான். கால் கருஞ்சாம்பல் ஆயிற்று. அதற்கு மறுநாள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கால் கறுத்தது. இன்னும் கொஞ்சம் அழுக்குதான் பாக்கி என்று அரை மணி நேரம் ஊறினான். கடுக்காயை இரும்பில் நறுக்கினால் கை கறுத்துப்போகும் என்பது மலையில் பொறுக்கப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ராஜவேலுவுக்குக் கடுக்காயைக் கிலோவில்தான் தெரியும்.

களத்து நாள் வந்தபோது அவன் கால் கணுவரை ரயில்வே கரி நிறத்தில் இருந்தது. அவன் அதற்காகக் கவலைப்படவில்லை. ஷூவைக் கழட்டினால் அரை நிமிஷம். அதற்குள் யார் காலைப் பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் மூக்கைத்தான் பிடிப்பார்கள்.

அன்று பொந்திலிருந்து நைலானை எடுக்க அதிகாலையிலேயே போனான். பொந்து காலி. அணில் இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்தான். போகட்டும், இருபது நாள் ஊறிய கால் இருக்கிறது. வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, டிரான்சிஸ்டரைத் தோளில் தொங்கவிட்டு, மாப்பிள்ளைபோல் களத்துக்கு வந்தான்.

ஊரே கூடியிருந்தது. களம் சாணி மெழுகிச் சாமைத் தாள் பரப்பியிருந்தது. இரண்டு மாடுகள் நின்றன. ஒன்று அன்றைக்கு ஓடிய அதே மாடு. ராஜவேலுவுக்கு அதைப் பார்த்ததும் நண்பனைப் பார்த்ததுபோல் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றான் சத்தமாக. "என் சம்சாரம் கூப்புட்டா. நான் வந்துட்டேன். ஷூவக் கழட்டறேன். அப்பால என்னக் கொற சொல்லக்கூடாது."

"கழட்டு மச்சான். சாமியக் கும்புட்டுட்டுக் கழட்டு" என்றான் வேடியப்பன், மூக்கைப் பிடித்தபடி.

ஊரே மூக்கைப் பிடித்தது. பதினோரு வீட்டுக்காரர்களும் ஒருவர் பாக்கியில்லாமல். ராஜவேலு நாடாவை மெதுவாக அவிழ்த்தான். வலது ஷூ. இடது ஷூ. இரண்டையும் ஜோடியாக ஓரம் வைத்துவிட்டு, பலாமரத்தை நோக்கித் திரும்பினான்.

"எங்க போறீங்க?" என்றாள் சாந்தம்மாள்.

"பாக்கறல்ல? ஊரே மூக்கப் புடிச்சுக்கினு நிக்குது. இதுல மாடு வேற ஓடிப்போச்சுன்னா..."

"ஓடலியே."

அவன் திரும்பிப் பார்த்தான். மாடு அசையவில்லை. கழுத்தை நீட்டி அவன் காலை மோந்தது. யோசித்தது. பிறகு நாக்கை நீட்டிக் கட்டை விரலை நக்கிப் பார்த்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது. ஊரில் இருக்கிற மூக்குகளிலேயே அதற்கு மட்டும்தான் நடிக்கத் தெரியாது.

யாரோ முதலில் சிரித்தார்கள். ஒவ்வொரு மூக்காக விடுபட்டது.

சாந்தம்மாள் பிடிகயிற்றை நீட்டினாள். ராஜவேலு அதை வாங்கிக்கொண்டு களத்தில் ஒரு காலை வைக்கப் போகும்போது கண்ணாயிரம் அதட்டினார்.

"டேய்! சாக்ஸக் கழட்றா! தோலு ஆவாதுன்னா துணி மட்டும் ஆவுமா?"

"மாமா, இது சாக்ஸு இல்ல."

"என்னாண்டயே சொல்றியா? கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா?" கிழவர் குனிந்து கணுக்காலுக்கு மேல் இரண்டு விரலால் பிடித்து உருவினார். வரவில்லை. பலமாக இழுத்தார்.

"ஐயோ! காலு மாமா, காலு! என் சொந்தக் காலு!"

அன்றைக்கு முழுவதும் ராஜவேலு மாடு ஓட்டினான். எத்தனை சுற்று என்று அவன் எண்ணவில்லை. உச்சி வெயிலில் கூழ் குடிக்க ஒருமுறை நின்றான். டிரான்சிஸ்டர் பலாமரத்தடியில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது சாமை குவிந்து கிடந்தது. தூற்றி, மூட்டை கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அவன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டான். சாந்தம்மாள் மடியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். நைலான் சாக்ஸ். சிவப்புக் கோடு புதிதுபோல் பளபளத்தது.

"நாவமரத்துப் பொந்துல இருந்துச்சு. ராத்தங்க வுடாம தெனமும் தொவச்சுக் காய வெச்சுக் காலைல கொண்டுபோயி வெச்சேன். நைலானாச்சே, அடுப்பு மேல போட்டா வெத்தல போடற நேரத்துல காஞ்சுடுது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊத்துக்குப் போற வழி அதுதானே" என்றாள் அவள்.

ஊற்றுப் பக்கம் மூன்று வருஷமாகப் போகாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அப்ப நாத்தம்?"

"அது போயிப் பத்து நாளாச்சு."

"தெனமும் மூக்கப் புடிச்சியே!"

"புடிக்காட்டி நீங்க வேற எதனா செய்வீங்களே. அதான் ஊர்லயும் சொல்லி வெச்சேன்."

ராஜவேலு நீளமாக மூச்சு விட்டான். தோற்றது தோற்றதுதான். ஒரு நாள் வேலையோடு போயிற்று. "சரி, ஷூவ எடு. நாளைக்குச் சங்கத்துக்குப் போவணும்."

"ஷூவ வெயில்ல காயப்போடச் சொன்னாரில்ல கம்பவுண்டரு? போட்டிருக்கேன். சங்கத்துக்குத் தேவல்ல. வேடியப்பன் போயி செக்கரட்டரியாண்ட சொல்லிட்டு வந்துட்டாரு. உங்களுக்குக் காலு கறுத்துப்போச்சு, இன்னா நோவுன்னு தெரியல, கொஞ்ச நாளைக்கு ஷூ போடக்கூடாதுன்னு. லீவு குடுத்துட்டாங்க. யாராவது கேக்க வந்தா காலக் காட்டுங்க. நம்புவாங்க."

"வேடியப்பனா? அவனுக்கு இன்னா என் மேல இவ்வளோ அக்கற?"

"நாளைக்கு அவரு களம். மாடு ஓட்ட நீங்க வர்றீங்கன்னு சொல்லியிருக்கேன். சொம்மாவா மூக்கப் புடிச்சாங்க? மூக்குக்கு ஒரு நாள்னு பேச்சு."

ராஜவேலு காலைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

"லீவு எத்தினி நாளு?"

"பதினோரு நாளு" என்றாள் சாந்தம்மாள், கூழைக் கலக்கிக்கொண்டே.